“இனி ஓட வேண்டாம்”: காயம் ஓட்டத்தைப் பறிக்கும்போது மனதில் நடப்பது என்ன?

“நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஓட மட்டும் வேண்டாம்.”

எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி மருத்துவர் சொல்வது இரண்டே வாக்கியம். கூட வந்தவர் முதல் வாக்கியத்தைக் கேட்டு நிம்மதி அடைகிறார். ஓடிக்கொண்டிருந்தவரின் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுகிறது. அன்றிரவிலிருந்து தூக்கம் கெடுகிறது. காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. தெருவில் யாராவது ஓடிப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. “ஒரு உடற்பயிற்சிதானே போச்சு, இதுக்கா இவ்வளவு?” என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அவரே தன்னை அப்படிக் கேட்டுக்கொள்வது.

இவ்வளவு வலிக்கக் காரணம், போனது ஒன்று இல்லை என்பதுதான். பல இழப்புகள் “ஓட்டம்” என்ற ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எதற்கு எதை ஈடாக வைப்பது என்று தெரியாது. எதைச் செய்தாலும் “இது ஓட்டம் மாதிரி இல்லையே” என்ற இடத்திலேயே மனம் வந்து நிற்கும். அந்தப் பிரிப்பைத்தான் இந்தக் கட்டுரை செய்து பார்க்கிறது. முதலில் உடலிலிருந்து தொடங்குவோம்.

நடக்க முடிகிறவர் ஏன் ஓடக் கூடாது?

நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வித்தியாசம் பாதத்தில் இருக்கிறது. நடக்கும்போது எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு காலடிக்கும் நடுவில் கணநேரம் இரண்டு பாதமும் காற்றில் இருக்கும். அப்புறம் மொத்த உடலும் ஒற்றைக் காலில் வந்து இறங்கும்.

அந்த இறக்கத்தில் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால், ஒவ்வொரு காலடியிலும் 140 முதல் 210 கிலோ சுமையை வாங்குவதற்குச் சமம் இது. நிமிடத்துக்கு 165 காலடி என்று வைத்தால், இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10,000 முறை. நடையில் அந்த விசை உடல் எடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் காயங்களில் அடிக்கடி வருபவை இவை:

1. மூட்டின் குருத்தெலும்பு ஆழமாகச் சேதமடைவது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதனால் தோல் ஆறுவதைப் போல, எலும்பு கூடுவதைப் போல அது தானாக ஆறுவதில்லை.
2. முட்டிக்குள் இருக்கும் பிறைவடிவ ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்து, அதில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வருவது. அதிர்வைத் தாங்கும் திண்டு போய்விடுகிறது.
3. கணுக்காலோ இடுப்போ விபத்தில் நொறுங்கி, பழைய வடிவத்துக்குச் சரியாகத் திரும்பாமல் போவது.
4. முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது. இது ஆளுக்கு ஆள் மாறும். திரும்ப ஓடுகிறவர்களும் உண்டு, ஓடவே முடியாதவர்களும் உண்டு.

ஆக, ஒரு மூட்டு நடைக்குப் போதுமானதாகவும் ஓட்டத்துக்குப் போதாததாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். இதைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இந்தக் காயம் வெளியே தெரியாது. கட்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த மனிதர் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறார்.

முதல் சில வாரங்கள்: மூளையில் நடப்பது

1970-இல் ஃப்ரெடரிக் பேக்லண்ட் என்ற ஆய்வாளர், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் என்ன ஆகும் என்று அறிய விரும்பினார். தினமும் பயிற்சி செய்கிறவர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லிக் கேட்டார். கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் அவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாரத்துக்கு 3, 4 நாள் பயிற்சி செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்த முடிந்தது. அவர்களுக்கே அந்த ஒரு மாதத்தில் தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. ஆய்வின் முடிவைவிட, ஆள் கிடைக்காமல் போன கதைதான் எனக்கு அதிகம் சொல்கிறது.

ஓடிய பிறகு வரும் அந்த லேசான, தெளிவான மனநிலைக்கு, வலியைக் குறைக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். ஆனால் ரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதாக நுழைவதில்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யாதபடி தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடவைத்தார்கள். அப்போதும் அந்த மகிழ்ச்சி வந்தது, பதற்றம் தணிந்தது. எனவே இப்போது கவனம் எண்டோகன்னபினாய்டு எனப்படும், உடலே தயாரிக்கும் வேறொரு வகை வேதிப்பொருள்களின் பக்கம் திரும்பியிருக்கிறது.

இந்த வேதியியல் நமக்கு எதற்கு? ஒரே ஒரு காரணத்துக்கு. பல வருடமாக வாரத்துக்கு 5 நாள் கிடைத்து வந்த ஒன்று ஒரே நாளில் நின்றுபோனால், முதல் சில வாரங்களின் எரிச்சலிலும் தூக்கமின்மையிலும் வெறுமையிலும் ஒரு பங்கு உடலுடையது. அந்த வாரங்களில் “என் வாழ்க்கை இனி இவ்வளவுதான்” என்று தோன்றினால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பசியோடு இருக்கும்போது எடுக்கும் முடிவைப் போலத்தான் அது.

இதிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் ஒரு யோசனை உண்டு. மருத்துவர் அனுமதித்த எந்தப் பயிற்சியாக இருந்தாலும் சரி, மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யக்கூடியதைச் சீக்கிரமே தொடங்கிவிடலாம். அது பிடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. இந்தக் கட்டத்தில் நீச்சல் ஒரு மருந்து, அவ்வளவுதான். மருந்து இனிக்கவில்லை என்று யாரும் வருத்தப்படுவதில்லை.

ஒரே சொல்லுக்குள் எத்தனை இழப்பு?

ஓட்டம் ஒரு மனிதருக்குச் செய்துவந்த வேலைகளைத் தனித்தனியாக எழுதிப் பார்த்தால் பட்டியல் நீளும்.

1. மனதைச் சமன்படுத்தும் வழி. அலுவலகத்தில் சண்டை, வீட்டில் கவலை, எதுவானாலும் 40 நிமிடம் ஓடிவிட்டு வந்தால் பாதி கரைந்துவிடும். இப்போது அந்தக் கவலைகள் வழக்கம்போல வருகின்றன, கரைக்கும் இடம் மட்டும் இல்லை. மற்ற இழப்புகளைத் தாங்கவும் இவர் நம்பியிருந்தது இந்த வழியைத்தான். வீட்டில் தீப்பிடித்த அதே நாளில் கிணறும் வற்றிப்போனது போல.

2. தனிமை. யாரும் போன் செய்யாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத அதிகாலை ஒரு மணி நேரம். சிலருக்கு நாளில் அது ஒன்றுதான் சொந்த நேரம்.

3. மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குச் சேரும் கூட்டம். அந்த நட்பு நடந்ததே ஓடும்போதுதான். குழுவிலிருந்து யாரும் விலக்குவதில்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் அடுத்த ஓட்டத்தின் நேரமும் தூரமும் வந்துகொண்டே இருக்கும்போது, பதில் போட எதுவும் இல்லாமல் ஒருவர் மெல்ல மௌனமாகிறார்.

4. அளவுகோல். போன வருடம் 10 கிலோமீட்டருக்கு 58 நிமிடம், இந்த வருடம் 54. வாழ்க்கையில் வேறெங்கும் முயற்சிக்கும் பலனுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு கிடைப்பதில்லை. உழைத்தால் எண் குறையும் என்ற அந்த நம்பிக்கையே ஒரு கைப்பிடி.

5. உடல்மீது இருந்த நம்பிக்கை. அப்பாவுக்கு வந்த சர்க்கரை நோய் எனக்கு வராது, முதுமை கொஞ்சம் தள்ளி நிற்கும் என்ற எண்ணம். ஓட்டம் நின்றதும் பழைய பயங்கள் திரும்ப வருகின்றன.

6. “நான் யார்” என்ற விடை.

கடைசியாகச் சொன்னது பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1993-இல் பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் “விளையாட்டு வீரர் என்ற அடையாளம்” எவ்வளவு ஆழமாக ஒருவருக்குள் இருக்கிறது என்பதை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். பதக்கம் வென்றவருக்கு மட்டும் உரியது இல்லை அந்த அடையாளம். போட்டியில் என்றைக்கும் 800-வது ஆளாக வருகிறவருக்கும் அது வலுவாக இருக்கலாம். தன்னைப் பற்றி நினைக்கும்போது முதலில் எது வருகிறது, நண்பர்களில் எத்தனை பேர் அந்த வழியில் வந்தவர்கள், அது இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. இந்த அடையாளம் எவ்வளவு ஒற்றையாக, எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, காயத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம் என்பதை அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அடையாளம் போவது பெரிய தருணங்களில் தெரிவதில்லை. செருப்பு அடுக்கின் கீழ்த்தட்டில் அந்த ஷூ இருக்கும். வலது குதியின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். லேஸ் இன்னும் இரட்டை முடிச்சிலேயே இருக்கும், கடைசி நாள் வலியில் முடிச்சை அவிழ்க்காமல் மற்றக் காலால் மிதித்துக் கழற்றியது. அதைத் தூக்கிப்போடவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. ஒரு நாள் வீட்டில் யாரோ, “இது இனிமே வேணுமா?” என்று சாதாரணமாகக் கேட்பார்கள். கேள்வி ஷூவைப் பற்றித்தான். அவருக்கு மட்டும் அது அப்படிக் கேட்பதில்லை.

ஊர் அங்கீகரிக்காத துக்கம்

ஒருவர் இறந்தால் துக்கத்துக்கு என்று ஒரு முறை இருக்கிறது. ஆட்கள் வருவார்கள், உட்காருவார்கள், அழ இடம் கிடைக்கும். சில இழப்புகளுக்கு அந்த இடமே கிடையாது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980-களில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் “அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம்” என்று சொல்லலாம். துக்கப்படுகிறவருக்குத் துக்கப்பட உரிமை இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் கருதும் நிலை அது.

ஓட்டத்தை இழந்தவர் இந்த வரையறைக்குள் அப்படியே பொருந்துகிறார். முன்பு சொன்னதை நினைவில் கொண்டுவாருங்கள்: அவர் நன்றாக நடக்கிறார். எனவே அவருக்குக் கிடைப்பது இந்த மாதிரி ஆறுதல்:

“நடக்கவே முடியாதவங்க எத்தனை பேர் இருக்காங்க, அதை நினைச்சுப் பாரு.”
“ஓடி என்னத்தைக் கண்டே? முட்டிதான் போச்சு.”
“சைக்கிள் ஓட்டு, அதுவும் நல்ல பயிற்சிதானே.”

மூன்றுமே அன்பில் சொல்லப்படுபவை. மூன்றும் செய்வது ஒரே வேலையை: “நீ வருத்தப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடுகின்றன. முதல் வாக்கியம் அவரைக் குற்றவாளியாக்குகிறது. தன்னைவிட அதிகம் துன்பப்படுகிறவர் உலகில் இருப்பது எந்தத் துன்பத்தையும் குறைத்ததில்லை. வெட்கத்தை மட்டும்தான் கூட்டும்.

வீட்டில் இருப்பவர்களும் நண்பர்களும் சொல்லக்கூடியது அதிகம் இல்லை, எளிதானதுதான். “ரொம்ப வருஷமா ஓடினே. கஷ்டமாத்தான் இருக்கும்.” அவ்வளவு போதும். அப்புறம் அவர் பேசினால் கேட்பது. மாற்று வழி சொல்லும் ஆசையை ஒரு மாதம் அடக்கி வைப்பது.

குற்றவுணர்வு

“நானே என் முட்டியைக் கெடுத்துக்கொண்டேனோ?” என்ற கேள்வி பலரை இரவில் எழுப்புகிறது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இங்கே உதவும். இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், போட்டிக்காகத் தீவிரமாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஓட்டமே காப்பாற்றியது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள். ஆனால் அளவோடு ஓடியதாலேயே முட்டி போய்விட்டது என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடியது சிலருடைய விஷயத்தில் உண்மையாகவே காயத்தைப் பெரிதாக்கியிருக்கும். அதை மறுப்பதில் பயனில்லை. அன்று தெரிந்ததை வைத்து அன்று எடுத்த முடிவு அது. இன்று ஸ்கேனைப் பார்த்துவிட்டு அன்றைய ஆளைத் தண்டிப்பது நியாயமில்லை.

ஐந்து கட்டங்கள் என்ற தவறான வரைபடம்

துக்கம் என்றதும் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து கட்டங்களைப் பலர் சொல்வார்கள். 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் முன்வைத்தது அது. அவர் எழுதியது தங்கள் மரணத்தை எதிர்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி. பின்னாளில் அது எல்லா இழப்புக்கும் பொதுவான படிக்கட்டாக மாறிவிட்டது. மனிதர்கள் அந்த வரிசையில் ஏறுகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இதனால் ஒரு கெடுதலும் உண்டு. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் திடீரென்று கோபம் வந்தால், “நான் பின்னாடி போய்ட்டேனோ” என்று பயப்பட வைக்கும்.

1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் சொன்ன விளக்கம் இதைவிடப் பொருத்தமாகத் தெரிகிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்பது அவர்கள் கருத்து. ஒரு பக்கம் இழப்பு: அழுவது, பழைய படங்களைப் பார்ப்பது. இன்னொரு பக்கம் வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது: புதிய பழக்கம், புதிய நேர அட்டவணை, சில சமயம் சும்மா சிரித்துக்கொண்டிருப்பது. ஆரோக்கியம் என்பது இந்த ஊசலாட்டத்திலேயே இருக்கிறது. எப்போதும் இழப்பிலேயே கிடப்பதும் சிக்கல், ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகாமல் ஓடி ஒளிவதும் சிக்கல். காலையில் நீச்சலில் சந்தோஷமாக இருந்தவர் மாலையில் மாரத்தான் விளம்பரம் பார்த்துக் கலங்கினால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

“ஒருவேளை” என்ற சொல்

இந்த விஷயம் முழுவதிலும் கடினமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஓட்டத்தை இழந்தவர்களில் பலருக்கு “இனி ஒருபோதும் இல்லை” என்ற தெளிவு கிடைப்பதில்லை. “ஆறு மாதம் பார்ப்போம்.” “இன்னொரு ஊசி போட்டுப் பார்ப்போம்.” “சில பேருக்குச் சரியாகியிருக்கு.” இப்படியே வருடம் ஓடும்.

பாலின் பாஸ் என்ற குடும்பவியல் ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைக் கவனித்து, “தெளிவற்ற இழப்பு” என்ற கருத்தை உருவாக்கினார். போனது போனதுதானா, திரும்புமா என்று தெரியாதபோது மனம் துக்கப்படவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் நடுவில் உறைந்துவிடுகிறது. காணாமல்போன மனிதரோடு காயமடைந்த முட்டியை ஒப்பிடுவது நியாயமில்லைதான். உறைந்துபோகும் அந்த விதம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்து 2009-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மலம் வெளியேற வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு அந்த மாற்றம் நிரந்தரம். மற்றவர்களுக்குப் பின்னால் சரிசெய்ய வாய்ப்பு இருந்தது. வாய்ப்பு இருந்தவர்கள்தானே நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்? நாள் போகப் போக, நிரந்தரம் என்று சொல்லப்பட்டவர்களின் மனநிறைவுதான் கூடியது. மற்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கிறவர் பழகிக்கொள்வதில்லை.

அதற்காக நம்பிக்கையே கூடாது என்று சொல்லிவிட முடியாது. சீனத் தடை ஓட்டக்காரர் லியு ஷியாங் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதிகால் தசைநாண் காயத்தால் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஓடாமலே விலகினார். சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்து 2011 உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளி வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதல் தடையிலேயே அதே தசைநாண் அறுந்தது. ஒற்றைக் காலில் தத்தி முடிவுக் கோடு வரை போய், கடைசித் தடையை முத்தமிட்டுவிட்டு வெளியேறினார். 2015-இல்தான் ஓய்வை அறிவித்தார். அவர் வைத்த நம்பிக்கை ஒரு முறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை.

சிக்கல், எல்லை இல்லாத நம்பிக்கையில்தான் இருக்கிறது. அதற்கு எல்லை வைக்கும் வழி:

1. மருத்துவரிடம் “சரியாகுமா?” என்று கேட்காதீர்கள். “இதே காயத்தோடு வந்த 10 பேரில் எத்தனை பேர் திரும்ப ஓடியிருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் வலி இல்லாமல்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மருத்துவரின் கருணை பதில் சொல்லும், இரண்டாவதற்கு அனுபவம் சொல்லும்.
2. அவர் ஓட வேண்டாம் என்றால் காரணத்தைப் பிரித்துக் கேளுங்கள். ஓடினால் வலிக்கும் என்பதாலா, ஓடினால் மூட்டு மேலும் கெடும் என்பதாலா? இரண்டும் வேறு வேறு. முதலாவதில் பேச இடம் உண்டு.
3. இன்னொரு மருத்துவரின் கருத்து நிச்சயம் வேண்டும். ஐந்தாவது மருத்துவரிடம் போகும்போது, தேடுவது கருத்தையா, பிடித்தமான பதிலையா என்று யோசிக்கலாம்.
4. ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதிவரை முழு மனதோடு சிகிச்சை. அதற்குப் பிறகு, ஓட்டம் இல்லை என்றே வைத்துக்கொண்டு வாழ்க்கையை அமைப்பது. பின்னால் ஏதாவது நல்லது நடந்தால் வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

பிரித்து ஈடுகட்டுவது

அடைய முடியாத இலக்கை விடுவது, புதிய இலக்கைப் பிடிப்பது இரண்டும் தனித்தனித் திறமைகள் என்பதைக் கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரின் குழு 2003 முதல் ஆராய்ந்து வருகிறது. ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு. ஓட்டத்தை விட்டாயிற்று, அந்த இடத்தில் எதுவும் இல்லை. அல்லது ஜிம்மில் சேர்ந்தாயிற்று, மனம் இன்னும் ஓடுபாதையில்.

மேலே ஆறு இழப்புகளைப் பட்டியலிட்டது இதற்காகத்தான். ஆறையும் ஒரே செயல் ஈடுகட்டும் என்று எதிர்பார்ப்பதே பலருக்கும் ஏமாற்றத்தில் முடிகிறது. சைக்கிள் மூச்சை வாங்க வைக்கும், தனிமை தராமல் போகலாம். காலை நடை தனிமை தரும், அளவுகோல் தராது. எந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று அவரவர்தான் பார்க்க வேண்டும். தனிமைதான் பெரிய இழப்பு என்றால், அந்த அதிகாலை நேரத்தை முதலில் காப்பாற்றுங்கள். அலாரத்தை அணைக்காமல் அதே நேரத்தில் எழுந்து வெளியே போங்கள், உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த நேரம் வீட்டு வேலைக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கடினம்.

உடலைப் பற்றிய பயத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி. அதில் எங்கும் ஓடித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. வேக நடையும் கணக்கில் வரும். மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான நீரில் பாதம் தரையில் படாமல் ஓடும் பயிற்சியும் உண்டு. காயம்பட்ட ஓட்டக்காரர்களுக்குச் சிகிச்சையாளர்கள் அதைப் பரிந்துரைப்பது வழக்கம். சிலருக்கு அது பெரிய ஆறுதல். வேறு சிலருக்கோ ஓட்டத்தின் கேலிச்சித்திரம் போலத் தோன்றி மனதை இன்னும் நோகடிக்கும். இரண்டாவது வகை என்றால் விட்டுவிடுங்கள்.

அளவுகோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓட்டத்தின் எண்களை வைத்துப் புதியதை அளக்கக் கூடாது. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் “உங்கள் உடற்தகுதி குறைந்துவருகிறது” என்று காட்டிக்கொண்டிருந்தால், அந்த அறிவிப்பை அணைத்துவிடலாம். அது பழைய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய பயிற்சியில் முதல் மூன்று மாதம் எதையும் அளக்காமல் இருப்பது நல்லது. தொடக்கக்காரராக இருப்பது கூச்சமாக இருக்கும். 20 வருடம் ஓடியவர் நீச்சல் குளத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் மூச்சிரைக்க நிற்பது எளிதில்லை.

குழு விஷயத்தில் அவசர முடிவு வேண்டாம். போட்டி நாளில் தண்ணீர் கொடுக்க வா, நேரம் குறிக்க வா என்று நண்பர்கள் கூப்பிடுவார்கள். சிலருக்கு அது உயிர் கொடுக்கும், சிலருக்கு ஆறாத புண்ணைக் கீறும். போகாவிட்டால் பொறாமை என்று அர்த்தமில்லை. பொறாமை வந்தாலும் அது கெட்ட குணம் இல்லை. “இப்ப முடியல, கொஞ்ச நாள் கழிச்சு நானே கேக்கறேன்” என்று சொல்லிவிட்டால் நட்பும் நிற்கும். ஓடாத ஒரு நாளில் அவர்களில் ஒருவரோடு மட்டும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். நட்பு ஓட்டத்தோடு ஒட்டியதா, மனிதரோடு ஒட்டியதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

துக்கம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது?

பின்வருவனவற்றில் எது இருந்தாலும் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது:

1. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடிப்பது. ஓட்டத்தில் மட்டும் என்றில்லாமல் எதிலுமே பிடிப்பு போய்விடுவது.
2. “இன்று ஓடவில்லை, அதனால் சாப்பிடத் தகுதியில்லை” என்ற எண்ணம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஆறிவரும் எலும்புக்கும் தசைக்கும் உணவு கூடுதலாகவே தேவை.
3. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ரகசியமாக ஓடுவது. இது பிடிவாதம் போலத் தெரியும். ஓட்டம் அடிமைத்தனமாக மாறிவிட்டதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.
4. தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்குவது.
5. வாழ்வதில் அர்த்தமில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம். இதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் அல்லது உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பலனளிக்கிறது. சிந்தனை முறையையும் செயல்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. விளையாட்டு உளவியலாளர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. முதல் சந்திப்பிலேயே “எனக்கு இது வெறும் உடற்பயிற்சி இல்லை” என்று சொல்லிவிடுங்கள், விளக்கிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும்.

வருடங்கள் கழித்து

“எல்லாம் பழகிடும்” என்பது பாதி உண்மை. 1978-இல் ஃபிலிப் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் லாட்டரி வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் ஆராய்ந்தார்கள். விபத்துக்குள்ளானவர்கள் எல்லோரையும் போலவே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று அந்த ஆய்வைப் பலர் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மையில் அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குறைந்தவர்களாகத்தான் இருந்தார்கள். ஆனால் வெளியே இருந்து பார்ப்பவர் கற்பனை செய்யும் அளவுக்கு மோசமாக இல்லை. அந்தப் பெரிய இழப்புக்கே அப்படி என்றால், இங்கேயும் முதல் மாதத்தில் மனம் போடும் கணக்கு பின்னால் வரும் வருடங்களின் வலியை மிகைப்படுத்தித்தான் காட்டும்.

ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரோஜர் பேனிஸ்டரின் வாழ்க்கையை இங்கே சொல்ல வேண்டும். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு, 3 நிமிடம் 59.4 விநாடி. அந்த வருடக் கடைசியில் போட்டிகளை விட்டு மருத்துவத்துக்குப் போனார், நரம்பியல் நிபுணரானார். 1975-இல் ஒரு கார் விபத்தில் அவருடைய கணுக்கால் நொறுங்கியது. அதன் பிறகு அவரால் ஓட முடியவில்லை. அப்போது வயது 46. 2018-இல் 88 வயதில் இறக்கும்வரை, வாழ்நாளில் ஏறக்குறைய பாதியை ஓட்டம் இல்லாமல்தான் கழித்தார். பிற்காலப் பேட்டிகளில் அந்த மைலைவிடத் தன் நரம்பியல் பணியைத்தான் பெரிதாகச் சொன்னார். அவருக்கு விபத்துக்கு முன்பே ஊன்றிக்கொள்ள இன்னொரு கால் இருந்தது. எல்லோருக்கும் அப்படி முன்கூட்டியே அமைவதில்லை. பலர் அதை விழுந்த பிறகுதான் வளர்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு நாள் பிடிக்கும்.

துக்கம் முழுவதுமாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது வரும் நேரம்தான் மாறும். தினமும் வந்தது, பிறகு மழை விட்ட குளிர்ந்த காலைகளில் மட்டும் வரும். சிலர் வருடங்கள் கழித்தும் கனவில் ஓடுகிறார்கள். வலி இல்லாத ஓட்டம், மூச்சு சீராக, கால் தானாகப் போகும். விழித்ததும் ஒரு கணம் கட்டிலிலிருந்து குதித்து இறங்கப் போய், முட்டி நினைவுக்கு வந்து, மெல்லக் காலை ஊன்றுகிறார்கள். முதல் வருடத்தில் அந்தக் கனவு வந்த நாள் முழுக்கப் பாழாகும். பின்னாளில், நேற்று ராத்திரி நல்லா ஓடினேன் என்று வீட்டில் சொல்ல முடிகிறது.